ஒரே தொட்டியில் இரண்டு தண்ணீர்: நல்லம்பள்ளியும் நாட்டின் நீர்க் கொள்கையும்

சேலத்திலிருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலை தொப்பூர் கணவாயைக் கடந்து மேலேறியதும் நல்லம்பள்ளி வட்டாரம் விரிகிறது. சேர்வராயன் மலையில் பிறக்கும் தொப்பையாறு இதன் தென்பகுதியைத் தொட்டு ஓடி மேட்டூர் நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. வடமேற்கே, பென்னாகரத்துக்கு அப்பால், ஒகேனக்கல்லில் காவிரி பாறைகளுக்கிடையே விழுகிறது. இரண்டு பக்கமும் ஆறு இருந்தும் இந்த மேட்டு நிலத்துக்கு ஆற்றுப் பாசனம் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. ஆண்டுக்குச் சுமார் 850 மி.மீ. மழை, அந்த மழையில் பாறை இடுக்குகளுக்குள் இறங்கித் தங்கும் கொஞ்சம் நீர், இவற்றை நம்பித்தான் இங்கே ராகியும் கொள்ளும் மரவள்ளியும் சாமந்தியும் விளைகின்றன.

குடிக்கும் நீரை இங்குள்ளவர்கள் ‘ஒகேனக்கல் தண்ணி’, ‘போர் தண்ணி’ என்று பிரித்துச் சொல்கிறார்கள். முதலாவது, காவிரியிலிருந்து இறைத்துச் சுத்திகரித்துக் குழாயில் வருவது. இரண்டாவது, ஊராட்சி போட்ட ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் இழுத்துக் கொடுப்பது. முதலாவதைக் கொண்டுவந்ததே இரண்டாவதிலிருந்து மக்களைக் காப்பாற்றத்தான். ஆனால் பல ஊர்களில் இரண்டும் ஒரே மேல்நிலைத் தொட்டியில் ஏறி, ஒரே குழாயில் இறங்குகின்றன. ஒகேனக்கல் தண்ணீர் போதாத நாளில், வராத நாளில், போர் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்புவதைத் தவிர ஊராட்சிக்கு வேறு வழி தெரிவதில்லை. கொஞ்சம் சம்பளத்துக்கு வேலை செய்யும் டேங்க் ஆபரேட்டரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆற்று நீருக்கு ஒரு சட்டம், நிலத்தடி நீருக்கு ஒரு சட்டம், மின்சாரத்துக்கு ஒரு துறை, நோய்க்கு ஒரு துறை என்று நாடு பிரித்து வைத்திருப்பவை எல்லாம் வந்து சேரும் இடம் அந்தத் தொட்டிதான். அங்கே நடக்கும் கலப்பைப் புரிந்துகொண்டால் இந்தியாவின் நீர்க் கொள்கையில் எது இல்லை என்பதும் புரியும்.

பாறையிலிருந்து எலும்புக்கு

தருமபுரி மாவட்டத்தின் அடித்தளம் கடும் பாறை. சார்னோகைட்டும் நைஸ் வகைப் பாறைகளும் கிரானைட்டும் நிறைந்தது. அவற்றிலுள்ள அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்ட் போன்ற கனிமங்களில் ஃபுளோரைடு இருக்கிறது. நீர் பாறையோடு எவ்வளவு காலம் ஒட்டிக் கிடக்கிறதோ அவ்வளவு ஃபுளோரைடு அதில் கரையும். சுண்ணாம்புச் சத்து குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் கூடிய நீரில் அது இன்னும் எளிதாகக் கரையும். அதனால் மழை பெய்த சில மாதங்களில் ஊறி வரும் மேல்மட்டக் கிணற்று நீரைவிட, பல ஆண்டுகள் பாறைக்குள் அடைபட்டிருந்த ஆழத்து நீரில் பெரும்பாலும் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீரில் ஏற்கத்தக்க ஃபுளோரைடு அளவை லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் மட்டும் 1.5 வரை விட்டுக்கொடுக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5தான். வெயிலில் மண் வெட்டுபவரும் கல் உடைப்பவரும் நாளுக்கு நான்கைந்து லிட்டர் குடிக்கும் பூமியில் அந்த 1.5கூட அதிகம் என்பது என் எண்ணம். நிலைப்பற்கள் உருவாகும் வயதில் இந்த நீரைக் குடிக்கும் குழந்தையின் பல்லில் மஞ்சளும் பழுப்பும் கோடாகப் படியும். தேய்த்தால் போகாது. பல ஆண்டுகள் தொடர்ந்து குடித்தால் மூட்டு இறுகும், முதுகு வளையும், நடை தடுமாறும். எலும்பில் ஏறியதை இறக்கும் மருந்து இல்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போவதில்லை. ஆவியாகும் அளவுக்கு எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். காய்ச்சிக் குடித்தால் நல்லது என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவரும் அறிவுரை கிருமிக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

இந்நோய் இந்தியாவில் முதன்முதலில் மருத்துவ ஏடுகளில் பதிவானது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில். நாட்டளவில் ஃபுளோரோசிஸ் தடுப்புத் திட்டம் தொடங்கியது 2008-09இல். தமிழ்நாட்டிலிருந்து அதில் தருமபுரி சேர்க்கப்பட்டது. இடையில் போன 70 ஆண்டுகளில் அறிவியல் சும்மா இருக்கவில்லை. நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து ஃபுளோரைடைப் படியவைக்கும் ‘நல்கொண்டா முறை’யை உருவாக்கித் தந்தது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வுகள், புளி சேர்ந்த உணவு உடலிலிருந்து ஃபுளோரைடு வெளியேறுவதைக் கூட்டுகிறது என்று காட்டின. புளியமரம் வரிசையாக நிற்கும் தருமபுரிச் சாலைகளில் போகும்போது அந்த ஆய்வு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. ஆனாலும் சுத்திகரிக்கும் கருவியைப் பராமரிப்பவர் இல்லாமல் பள்ளி வளாகங்களில் அவை துருப்பிடித்ததும், புளிக்குழம்பால் மட்டும் தீரும் அளவில் நோய் இல்லை என்பதும் உண்மை. மூலகாரணம் எவ்வளவு ஆழத்திலிருந்து நீரை எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கொள்கை வகுப்போர் கடைசிவரை தொடவில்லை.

நிலம் யாருடையதோ நீரும் அவருடையது

இந்திய அரசியல் சட்டத்தில் நீர் மாநிலப் பட்டியலின் 17ஆம் இனம். மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறுகளை ஒழுங்குபடுத்துவது மத்தியப் பட்டியலின் 56ஆம் இனம். நிலத்தடி நீர் என்று தனியாக எதுவும் எழுதப்படவில்லை. அந்த வெற்றிடத்தை இன்றும் நிரப்புவது 1882ஆம் ஆண்டின் அனுபோக உரிமைச் சட்டம். தன் நிலத்துக்கு அடியில், வரையறுத்த வாய்க்காலில் ஓடாத நீரை எடுத்துப் பயன்படுத்தும் உரிமை நிலத்துக்காரருக்கு உண்டு என்கிறது அதன் 7ஆம் பிரிவு. கவலை ஏற்றமும் கமலையும் இறைத்த காலத்தில் எழுதப்பட்ட சட்டம் அது. மாட்டின் உழைப்பே எடுக்கும் அளவுக்கு எல்லை வைத்தது. திருச்செங்கோட்டிலிருந்து வரும் ரிக் வண்டி ஒரே இரவில் ஆயிரம் அடி துளைத்துவிட்டுப் போகும் காலத்துக்கு அது எழுதப்பட்டதில்லை.

இந்தச் சட்டத்தின் விளைவு நிலமில்லாதவருக்கு நிலத்தடி நீரில் பங்கே இல்லை என்பது. அதிக ஆழம் தோண்டப் பணம் உள்ளவர் பக்கத்துக் காட்டுக்காரரின் கிணற்றையும் சேர்த்து வற்றவைக்கலாம், அது குற்றமாகாது என்பதும் அதன் விளைவே. கேரளத்தின் பிளாச்சிமடையில் ஒரு குளிர்பான ஆலைக்கு எதிராக ஊராட்சி போராடியபோது, 2003இல் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து, அரசு அதன் அறங்காவலர் மட்டுமே என்று தீர்ப்பளித்தார். 2005இல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்த நிலைப்பாட்டை மாற்றியது. நீதித்துறையே இரண்டு குரலில் பேசும்போது தாசில்தாரிடம் தெளிவை எதிர்பார்க்க முடியாது.

தேசிய நீர்க் கொள்கை 1987, 2002, 2012 என மூன்று முறை எழுதப்பட்டது. முதல் இரண்டும் குடிநீர், பாசனம், மின்சாரம், தொழில் என்று முன்னுரிமை வரிசை போட்டன. 2012 கொள்கை இந்த நீண்ட வரிசையைக் கைவிட்டு, குடிநீர், சுகாதாரம் போன்ற அடிப்படைத் தேவைகளை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்து, நீரை அரசு மக்களின் சார்பில் காக்கும் பொதுவளம் என்று அறிவித்தது. 1882 சட்டத்தைத் திருத்த வேண்டியிருக்கும் என்றும் வெளிப்படையாகச் சொன்னது. நல்ல ஆவணம். ஆனால் கொள்கைக்குச் சட்ட வலிமை இல்லை. 2019இல் புதிய கொள்கை வரைய மிகிர் ஷா தலைமையில் குழு அமைக்கப்பட்டும், 1882 சட்டம் அப்படியே நிற்கிறது. மத்திய அரசு 1970 முதல் பல முறை மாதிரிச் சட்டம் அனுப்பியிருக்கிறது. தமிழ்நாடு 2003இல் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கே வராமல் 2013இல் ரத்து செய்யப்பட்டது. 1987ஆம் ஆண்டின் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர்ச் சட்டம் தலைநகரைப் பார்த்துக்கொள்கிறது. மாநிலத்தின் எஞ்சிய பகுதிக்கு அரசாணைகள்தான். ஆழ்துளைக் கிணறு தோண்ட ஊராட்சியின் அனுமதி வேண்டும் என்ற 2015 விதிகள்கூட மூடாத குழிகளில் குழந்தைகள் விழுந்து இறந்த துயரத்தால் வந்தவை. எவ்வளவு ஆழம், எவ்வளவு நீர் என்று அவை கேட்பதில்லை.

இதோடு மின்சாரத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் தமிழ்நாடு இலவச மின்சாரம் வழங்கியது. அதற்குப் பின்னால் 1970களில் துப்பாக்கிச்சூட்டில் உயிர்விட்ட உழவர்களின் போராட்டம் இருக்கிறது. அதைப் பறிக்கச் சொல்பவன் நானில்லை. காவிரிப் பாசன வயலுக்கு அரசு அணை கட்டி வாய்க்கால் வெட்டித் தந்தது. நல்லம்பள்ளிக் காட்டுக்கு அப்படி எதுவும் செய்யவில்லை. மோட்டாருக்கு வரும் மின்சாரம்தான் இந்த உழவர் பெற்ற ஒரே பாசன மானியம். ஆயினும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பம்புசெட்டுகளை ஓடவிட்டு, எத்தனை பேர் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று பார்க்காமல் இருந்ததற்கு விலை உண்டு. 60 அடிக் கிணறு வற்றி, 300 அடி போர் வற்றி, இன்னும் கீழே போகப் போக, மேலே வந்தது ஃபுளோரைடு கூடிய நீர். அதைப் பயிர் தாங்கிக்கொண்டது. ஊராட்சியின் குடிநீர்க் கிணறும் அதே பாறையில்தான் இருந்தது. பாசனத்துக்காக நீர்மட்டம் இறங்கியபோது குடிநீரின் தரமும் கூடவே இறங்கியது. இந்தத் தொடர்பைப் பேசும் ஒரு அலுவலகம் இன்றுவரை இல்லை.

ஒகேனக்கல் திட்டம்

இந்தப் பின்னணியில்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் வந்தது. பெயரிலேயே நோயைத் தாங்கிய குடிநீர்த் திட்டம் நாட்டில் அரிது. 1998இல் கர்நாடகமும் தமிழ்நாடும் மத்திய அரசும் பேசி, 1.4 டி.எம்.சி. எடுத்துக்கொள்ளத் தமிழ்நாட்டுக்குத் தடையின்மைச் சான்று கிடைத்தது. பிறகு பத்தாண்டுகள் கடன் தேடலிலும் ஆட்சி மாற்றங்களிலும் போயின. 2008 பிப்ரவரி 26இல் முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். ஜப்பான் வங்கி கடன் தந்தது. சில வாரங்களிலேயே கர்நாடகத்தில் எதிர்ப்பு மூண்டது. பேருந்துகள் நின்றன, திரையரங்குகள் மூடின, சென்னையில் நடிகர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். கர்நாடகச் சட்டமன்றத் தேர்தல் முடியும்வரை பொறுத்திருப்போம் என்று முதல்வர் அறிவித்தார். பின்னர் வேலை தொடர்ந்து, 2013 மே 29இல் முதல்வர் ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கிவைத்தார். செலவு ரூ.1,928.80 கோடி. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அன்றைய 3 நகராட்சிகள், 17 பேரூராட்சிகள், 18 ஊராட்சி ஒன்றியங்களைச் சேர்ந்த 6,755 குடியிருப்புகள் இதன் எல்லை.

பொறியியலாக இது பெரிய காரியம். பள்ளத்தில் ஓடும் காவிரியை யானைப்பள்ளத்தில் சுத்திகரித்து, மடத்தில் கட்டிய பெருந்தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து பாலக்கோட்டுக்கும் ஓசூருக்கும் நல்லம்பள்ளிக்கும் அனுப்புகிறார்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் வரலாற்றில் பெருமைப்படத்தக்க வேலைகளில் ஒன்று. தலைமுறை தலைமுறையாகப் பல் கறையோடு வாழ்ந்த ஊர்களுக்கு நல்ல நீர் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்வது நன்றிகேடு.

இனி ஒரு கணக்கு. 1.4 டி.எம்.சி. என்பது ஏறத்தாழ 3,960 கோடி லிட்டர். நாளொன்றுக்குப் பிரித்தால் 10.8 கோடி லிட்டர். 2011 கணக்கெடுப்பில் தருமபுரி மக்கள்தொகை 15.07 லட்சம், கிருஷ்ணகிரியில் 18.80 லட்சம். பங்கிட்டால் ஆளுக்கு நாளைக்கு 32 லிட்டர், அதுவும் குழாயில் ஒரு சொட்டும் ஒழுகாமல் இருந்தால். நகரத்துக்குக் கூடுதலாகப் போவதையும் கழித்தால் கடைக்கோடிக் கிராமத்துக்கு மிஞ்சுவது இன்னும் குறைவு. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கம் ஒவ்வொரு கிராமத்தவருக்கும் நாளைக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்தது. 32க்கும் 55க்கும் இடையிலுள்ள பள்ளத்தை எதைக்கொண்டு நிரப்புவது? போர் தண்ணீரைக் கொண்டுதான். அளவை நிறைவேற்றத் தரம் பலியாகும் இடம் இதுதான். தொட்டி நிரம்பியதா என்று பதிவேடு கேட்கிறது, எந்தத் தண்ணீரால் நிரம்பியது என்று அதே அழுத்தத்தோடு கேட்பதில்லை.

இந்த 10.8 கோடி லிட்டரை ஒப்பிட ஒரு தகவல். 2024 அக்டோபரில் பெங்களூருவின் காவிரி ஐந்தாம் கட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அதுவும் ஜப்பான் கடனில் கட்டியதுதான். அந்த ஒரு கட்டம் மட்டும் நாளைக்கு 77.5 கோடி லிட்டர். வறட்சி ஆண்டுகளில் தருமபுரியிலிருந்து குடும்பத்தோடு கிளம்பும் கூலியாட்கள் பெங்களூருவில் கட்டட வேலை செய்கிறார்கள். தங்கள் ஊரில் கிடைக்காத காவிரியை அங்கே குடிக்கிறார்கள். பெங்களூருவின் தாகத்தை நான் குறை சொல்லவில்லை. நகரம் கேட்டால் கிடைக்கும் வேகமும் கிராமம் கேட்டால் ஆகும் காலமும் ஒன்றாக இல்லை என்பதே என் மனக்குறை.

ஒகேனக்கல் இரண்டாம் கட்டத்தை மாநில அரசு அறிவித்திருக்கிறது. கட்டாயம் வேண்டும். ஆனால் முதல் கட்டத்தின் அனுபவத்திலிருந்து ஒரு விதியை அதோடு சேர்த்துக் கட்ட வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் ஆன நீருக்குத் தனித் தொட்டி, தனிக் குழாய். துணி துவைக்கவும் மாட்டுக்கும் புழங்கவும் போர் தண்ணீர் தனியே. ஆளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் 10 லிட்டருக்குள் போதும். 32 லிட்டரில் அது தாராளமாக அடங்கும். இப்போதே இருக்கும் நீரைக் கலக்காமல் கொடுத்தாலே நோயின் பெரும்பகுதியை நிறுத்திவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. அதற்குப் புதிய அணையோ புதிய ஒப்பந்தமோ தேவையில்லை.

காவிரி வழக்கில் ஒரு பாடம்

காவிரிப் பங்கீட்டின் வரலாறு நாம் அறிந்ததே. 1990இல் நடுவர் மன்றம், 2007 பிப்ரவரி 5இல் இறுதித் தீர்ப்பு, தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் அதை 404.25 ஆக்கியது. குறைத்த 14.75இல் 4.75 பெங்களூருவின் குடிநீருக்கு. மீதி 10? தமிழ்நாட்டின் டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது, அதைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். தஞ்சை உழவர்களுக்கு அது வலித்தது. அந்த வலி நியாயமானது. ஆனாலும் தீர்ப்பின் அந்தப் பகுதி ஒரு கதவைத் திறந்திருக்கிறது: ஆறும் நிலத்தடி நீரும் ஒரே கணக்கு என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டுவிட்டது. வழக்காடும்போது ஒன்றாக எண்ணப்படும் நீர், நிர்வாகம் செய்யும்போது மட்டும் இரண்டாகப் பிரிவது ஏன்? ஆற்றுக்குக் காவிரி மேலாண்மை ஆணையம் இருக்கிறது, பிலிகுண்டுலுவில் அன்றாடம் அளவெடுக்கிறார்கள். அந்த அளவு நிலையத்துக்கு அருகிலுள்ள மாவட்டத்தில், தரைக்கடியில் வருடத்துக்கு எவ்வளவு இறங்கியது, எவ்வளவு எடுத்தோம் என்பதை ஊர் மக்களுக்குச் சொல்ல ஆளில்லை. நிலத்தடி நீரைப் பிர்கா வாரியாக மதிப்பிட்டு, ஊறுவதைவிட அதிகமாக எடுக்கும் இடங்களை ‘மிகை நுகர்வு’ என்று வகைப்படுத்துகிறார்கள். அந்த அறிக்கை சென்னைக்கும் ஃபரிதாபாத்துக்கும் போகிறது. ஊருக்குத் திரும்புவதில்லை. மக்கள் பங்கேற்போடு நிலத்தடி நீரை மேலாண்மை செய்ய 2019இல் மத்திய அரசு தொடங்கிய ரூ.6,000 கோடி அடல் பூஜல் திட்டத்தின் ஏழு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை.

ஏரிக்கு வேண்டும் உபரி நீர்

தருமபுரி மக்களின் நெடுநாள் கோரிக்கை ஒன்று உண்டு. வெள்ள காலத்தில் ஒகேனக்கல்லில் பாய்ந்து மேட்டூரை நிரப்பிக் கடலுக்குப் போகும் உபரியை இறைத்து மாவட்டத்து ஏரிகளை நிரப்ப வேண்டும் என்பது. 2022 ஆகஸ்டில் இதற்காகப் பாட்டாளி மக்கள் கட்சி ஒகேனக்கல்லிலிருந்து நடைப்பயணம் நடத்தியது. அதே மாதம் ஒகேனக்கல்லில் நீர்வரத்து நொடிக்கு 2 லட்சம் கன அடியைத் தாண்டியது. அந்த வேகத்தில் ஒரே நாளில் பாய்வது 17 டி.எம்.சி.க்கு மேல். 1.4 டி.எம்.சி.யைப் போலப் பன்னிரண்டு மடங்கு. கட்சி எதுவானாலும் கோரிக்கை நியாயமானது. மேட்டூர் உபரியைச் சேலம் மாவட்டத்து 100 ஏரிகளுக்குக் கொண்டுபோகும் சரபங்கா திட்டம் நடக்கிறது. பவானி உபரியை 1,045 ஏரி குளங்களுக்கு ஏற்றும் அத்திக்கடவு-அவினாசித் திட்டம், மூன்று தலைமுறைப் போராட்டத்துக்குப் பின் 2024 ஆகஸ்ட் 17இல் தொடங்கியது. தருமபுரிக்கு மட்டும் ஏன் கூடாது?

எதிர்வாதமும் வலுவானதே. உபரி வருடத்தில் சில நாள்களோ சில வாரங்களோதான் வரும், சில ஆண்டுகள் வராது. அந்த நாள்களுக்காகப் பெரிய மோட்டார்களும் குழாய்களும் ஆண்டு முழுக்கச் சும்மா கிடக்கும், ஏற்றும் உயரமும் அதிகம், மின் கட்டணம் மலைக்க வைக்கும் என்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை இந்தச் செலவை நியாயப்படுத்தும் வலுவான காரணம் பாசனத்தைவிட உடல்நலம்தான். தடுப்பணை நீர் இறங்கும் இடத்தருகே கிணறுகளில் ஃபுளோரைடு செறிவு குறைவதை இந்தப் பகுதியிலேயே நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஏரி நிரம்பினால் மேல்மட்ட நீர் பெருகும், பாறை நீர் நீர்த்துப்போகும். ஆனால் ஏரி நிரம்பிய மறு வருடமே அதைச் சுற்றி நூறு புதிய போர் இறங்கினால், எத்தனை கோடி செலவழித்தாலும் பத்தாண்டில் பழைய இடத்துக்கே வந்துவிடுவோம். உபரி நீர்த் திட்டமும் நிலத்தடி நீர்க் கட்டுப்பாடும் ஒரே அரசாணையில் வர வேண்டும்.

ஏரிகளின் நிலையும் இதில் பாதி. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையிடம், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். வரத்து வாய்க்கால் பல இடங்களில் வருவாய்த் துறைப் புறம்போக்கு, சில இடங்களில் வனத்துறை. 2017இல் குடிமராமத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்தபோது கரையைப் பலப்படுத்தினார்கள், வண்டல் எடுத்தார்கள். மேல் ஏரியிலிருந்து கீழ் ஏரிக்கு வரும் ஓடையை யாரும் முழுதாகத் தொடவில்லை. நிரம்ப வழியில்லாத ஏரியை ஆழப்படுத்தி என்ன பயன்?

பிற நாடுகளும் நம் உறவுகளும்

1998இல் தென்னாப்பிரிக்கா புதிய நீர்ச் சட்டம் இயற்றியபோது, நிலத்தோடு ஒட்டிய தனியார் நீர் உரிமையை ஒழித்தது. மனிதரின் அடிப்படைத் தேவைக்கும் ஆற்றின் உயிருக்கும் வேண்டிய நீரை முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியைத்தான் உரிமம் மூலம் பங்கிட வேண்டும் என்றது. நடைமுறையில் அங்கே தடுமாற்றம் நிறைய. ஆனால் வரிசை சரியானது. ஆஸ்திரேலியா மர்ரே-டார்லிங் ஆற்றுப்படுகையில் 1990களில் எடுக்கும் அளவுக்கு உச்சவரம்பு கட்டி, நீர் உரிமையைச் சந்தையில் வாங்கி விற்க விட்டது. பெரிய பண்ணைகளின் நாட்டுக்கு அது பொருந்தலாம். ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் நல்லம்பள்ளி உழவரிடம் நீரை விற்பனைச் சரக்காக்கினால் முதல் வறட்சியிலேயே அவர் விற்றுவிட்டுக் கூலிக்குப் போவார். அந்த வழி நமக்கு வேண்டாம்.

நமக்கு நெருங்கிய பாடம் இலங்கையில் இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வற்றாத ஆறு கிடையாது, சுண்ணாம்புக் கல் படுகையின் கிணறுகள்தான். அவை கெட்டுப்போனபோது, கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்திலிருந்து குடிநீர் கொண்டுவரத் திட்டமிட்டார்கள். தங்கள் வயல் காய்ந்துவிடும் என்று இரணைமடு விவசாயிகள் எதிர்த்தார்கள். தமிழரும் தமிழரும் எதிரெதிரே நின்ற வேதனையான தகராறு அது. கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைத்து 2024இல் திறந்தார்கள். காலடியில் உள்ள நீரைக் காக்கத் தவறினால் அடுத்த ஊரின் நீரைக் கேட்க வேண்டிவரும், அதுவும் கிடைக்காவிட்டால் கடலைத்தான் கேட்க வேண்டிவரும்.

பக்கத்து மாநிலமான தெலங்கானாவில், நோய்க்குப் பேர்போன நல்கொண்டாவுக்கு மிஷன் பகீரதா மூலம் கிருஷ்ணா நீர் வந்தது. 2020இல் ஃபுளோரைடு பாதித்த குடியிருப்பே தெலங்கானாவில் இல்லை என்று நாடாளுமன்றத்தில் மத்திய அரசு சொன்னது. ஆற்று நீரைக் கடைசி வீடுவரை போதிய அளவில் கொடுத்தால் முடியும் என்பதற்கு அது சான்று. மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜார், தருமபுரியின் மழையில் பாதியளவே பெறும் ஊர். அங்கே கிராம சபை கூடி, பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடுவதில்லை என்று தானே முடிவெடுத்தது. ஆண்டுதோறும் மழையை அளந்து, அதற்கேற்பப் பயிரைத் தீர்மானிக்கிறது. அரசு அதிகாரி போட்ட தடையாக இருந்தால் அது ஒரு பருவம்கூடத் தாங்கியிருக்காது.

நல்லம்பள்ளியின் நீருக்குப் புதிதாக இன்னொரு பங்காளியும் வந்திருக்கிறார். அதியமான்கோட்டை, தடங்கம் பகுதியில் சிப்காட் தொழிற்பூங்கா வருகிறது. பிழைப்புக்காக ஊரைவிட்டு ஓடும் இளைஞர்களுக்கு வேலை வேண்டும், மறுப்பில்லை. ஆலைகளுக்கு முதலிலிருந்தே சுத்திகரித்த நகரக் கழிவுநீர்தான் என்று எழுதிவைக்க வேண்டும். காவிரிக் குடிநீரிலிருந்தும் ஊர்ப் பாறையிலிருந்தும் ஒரு சொட்டும் ஆலைக்குப் போகக் கூடாது.

அரசிடம் கேட்க வேண்டியவை என் பார்வையில் தெளிவாக இருக்கின்றன. 1882 சட்டத்தின் பிடியிலிருந்து நிலத்தடி நீரை விடுவிக்கும் மாநிலச் சட்டம், அதில் பிர்கா அளவில் எடுக்கும் உச்சவரம்பை உழவர்களே நிர்ணயிக்கும் உரிமை. நீர் குறைவாகக் கேட்கும் ராகிக்கும் கொள்ளுக்கும் சாமைக்கும் நெல்லுக்குக் கொடுப்பதுபோல உறுதியான கொள்முதல். இலவச மின்சாரத்தைத் தொடாமல், மிச்சப்படுத்தும் நீருக்கு உழவருக்கு ஊக்கத்தொகை. தொட்டிகளைப் பிரிக்கும் உத்தரவு. இவற்றில் கடைசியானதற்கு மாவட்ட ஆட்சியரின் கையெழுத்தும் கொஞ்சம் குழாயும் போதும்.

சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஜல் ஜீவன் இயக்கத்தில் ஒவ்வொரு ஊரிலும் ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பயிற்சியும் கருவிப் பெட்டியும் தர ஏற்பாடு உண்டு. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு ஆய்வகம் உண்டு. ஆண்டுதோறும் மார்ச் 22, உலக நீர் நாளில், தமிழ்நாட்டின் எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடுகிறது. நல்லம்பள்ளி ஒன்றியத்துப் பெற்றோர்களே, அன்று எழுந்து நின்று கேளுங்கள்: நம் தொட்டியில் ஏறும் போர் தண்ணீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம், கடைசியாக அளந்தது எந்தத் தேதியில், ஒகேனக்கல் தண்ணீரோடு அதைக் கலக்காமல் கொடுக்க எப்போது தனிக் குழாய் வரும் என்று. வரும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.